கை நுழைகிறது, ஸ்பேனர் நுழைய மாட்டேன் என்கிறது: வீட்டில் கார் வேலை பார்ப்பவர்களைப் படுத்தி எடுத்த வேலைகள்

சத்துவாச்சாரி ஷெட் (சனி, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். காலை ஆறு மணிக்கு வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்த வேலை, இப்போது முறிந்த ஒரு போல்ட்டில் வந்து நிற்கிறது. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வண்டி 2010 மாடல், பெட்ரோல், சின்ன கார். இரண்டு வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். போன வாரம் குடும்பத்தோடு ஏலகிரி போனோம். 14 கொண்டை ஊசி வளைவில் ஒன்பதாவது தாண்டும்போது டெம்பரேச்சர் முள் மேலே போக ஆரம்பித்தது. ஓரமாக நிறுத்தி, ஏசியை அணைத்து, முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, மெதுவாக இறங்கி வந்துவிட்டோம். வீட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே கூலண்டே இல்லை, செம்மண் கரைத்த மாதிரி தண்ணீர். கழுத்தைச் சுற்றி வெள்ளையும் பழுப்புமாகக் காறை. நம் வீட்டு வாட்டர் ஹீட்டர் காயிலில் படிகிறதே, அதே உப்புதான். முன்பு வைத்திருந்தவர் வருடக்கணக்கில் போர் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார்.

தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற வால்வு) திறக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று தோன்றியது, மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். பொருள் சில நூறு ரூபாய்தான். ஆனால் அது இருக்கும் இடம் இன்ஜினுக்குப் பின்னால், கியர் பாக்ஸ் பக்கம், ஃபயர்வாலை (இன்ஜினையும் நாம் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தகடு) பார்த்தபடி. பேட்டரி, பேட்டரி ட்ரே, ஏர் ஃபில்டர் பெட்டி, அதன் குழாய் எல்லாவற்றையும் கழற்றின பிறகும் கண்ணாடி வைத்துத்தான் பார்க்க முடிகிறது. தெர்மோஸ்டாட் மூடியில் இரண்டே இரண்டு பத்தாம் நம்பர் போல்ட். ஒன்று முனகிக்கொண்டே வந்துவிட்டது. இரண்டாவது கால் சுற்று வந்தது, பிறகு ரப்பரை முறுக்குவது மாதிரி இழுத்தது, அப்புறம் சத்தமே இல்லாமல் கை லேசாகிவிட்டது. தலை சாக்கெட்டுக்குள் இருக்கிறது, உடம்பு அலுமினியத்துக்குள் இருக்கிறது.

மூடியைக் கழற்றிவிட்டேன். ஓட்டை வழியாகப் பார்த்தால் முறிந்த தண்டு வெளியே கொஞ்சம்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது. என் கை போகிறது, டிரில் போகாது. என்ன செய்யலாம்? கூடவே, உங்களை இப்படி அலைய வைத்த வேலை எது என்பதையும் எழுதுங்கள். இனி இறங்கப் போகிறவர்களுக்கு உதவும்.

பழைய டிப்போ (சனி, இரவு 10.15)

தம்பி, இன்றைக்கு இத்தோடு நிறுத்துங்கள். இன்ஜினுக்குள் ஒன்றும் விழாமல் அந்த ஓட்டைகளில் சுத்தமான துணியை அடைத்து வையுங்கள். முறிந்த தண்டின் அடியில் மரையைப் பார்த்து நல்ல ஊடுருவும் எண்ணெயாக இரண்டு சொட்டு விட்டு, காலை வரை ஊறட்டும்.

முக்கியமாக, ஈசி அவுட்டை (முறிந்த போல்ட்டில் துளை போட்டு, உள்ளே திருகி அதை வெளியே எடுக்கும் கருவி) தொடாதீர்கள். உங்கள் போல்ட் எம்6, அதாவது ஆறு மில்லி தடிமன். அதற்குள் போகிற ஈசி அவுட் பென்சில் முனை அளவுதான் இருக்கும். போல்ட்டையே முறித்த பிடி அதையும் முறிக்கும். அது கடினப்படுத்திய எஃகு, உள்ளே உடைந்துவிட்டால் சாதாரண டிரில் பிட் அதன் மேல் ஏறாது, வழுக்கி வழுக்கி பக்கத்து அலுமினியத்தைத்தான் தின்னும். பஸ் டிப்போவில் 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் சொல்கிறேன், முறிந்த போல்ட்டை எடுத்ததைவிட, முறிந்த போல்ட்டுக்குள் முறிந்த ஈசி அவுட்டை எடுக்கத்தான் அதிக நேரம் போயிருக்கிறது.

இது ஏன் முறிந்தது என்றால், இரும்பு போல்ட், அலுமினியப் பாடி, நடுவில் உப்புத் தண்ணீர். இரண்டு வேறு உலோகம் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைத் தூளாகி மரையை நிரப்பிவிடும். அந்தத் தூள் சிமெண்டு மாதிரி பிடித்துக்கொள்ளும். முதல் கால் சுற்று வந்தது என்றீர்களே, அங்கேயே நிறுத்தி, திரும்ப உள்ளே முறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கால் சுற்று என்று முன்னும் பின்னும் போயிருக்க வேண்டும். சரி, நடந்தது நடந்துவிட்டது. தண்டு எத்தனை மில்லி நீட்டிக்கொண்டிருக்கிறது, அந்த மூடி உட்கார்ந்திருந்த பாடி தனித் துண்டா, ஹெட்டோடு (இன்ஜினின் மேல் பகுதி) சேர்த்து வார்த்ததா? இந்த இரண்டையும் நாளை வெளிச்சத்தில் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆம்பூர் டீசல் (சனி, இரவு 10.50)

என் கதை ஹீட்டர் பிளக், குளிரில் ஸ்டார்ட் ஆக டீசல் இன்ஜினின் எரியறையைச் சூடாக்குவது. டீசல் கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். நான்கில் ஒன்று போய்விட்டது, டிசம்பர் காலையில் ஸ்டார்ட் ஆக வண்டி அடம்பிடித்தது. யூடியூபில் பார்த்தால் பத்து நிமிட வேலை. எனக்கு வந்தது அப்படி இல்லை. பிளக்கின் முனை எரியறைக்குள் இருப்பதால் சுற்றிலும் கரி ஏறி ஹெட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிளக்கோ பேனா கனம்.

இன்ஜினைச் சூடாக்கித்தான் கழற்ற வேண்டும் என்று படித்திருந்தேன். மூன்று நாள் எண்ணெய் விட்டு, வண்டியை ஓட்டிச் சூடாக்கி, நீளமான கைப்பிடி போடாமல் சின்ன ராட்செட்டில்தான் முயற்சித்தேன். இரண்டு மில்லி சுற்றும், நிற்கும். திரும்ப முறுக்குவேன், எண்ணெய் விடுவேன். கெட்டுப்போன பிளக் முழுசாக வந்துவிட்டது. வந்த சந்தோஷத்தில் மீதி மூன்றையும் மாற்றிவிடலாம் என்று அடுத்ததில் கை வைத்தேன், அதுதான் தப்பு. முனை ஹெட்டுக்குள் தங்கிவிட்டது. வண்டியை டோ பண்ணி, ஹெட்டை இறக்கி, வெளியே எடுத்தார்கள். நன்றாக வேலை செய்கிற பிளக்கை நான் தொட்டிருக்கவே கூடாது.

காட்பாடி ஜங்ஷன் (ஞாயிறு, காலை 7.05)

நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. என் வண்டியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், ஆறு வருடமாக. என்னைப் படுத்தி எடுத்தது ஏசி கூலிங் காயில்.

வேலூர் மே மாதத்தில் ஏசி இல்லாமல் கார் வைத்திருப்பது என்னவென்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கேஸ் நிரப்பினால் இரண்டு வாரம் குளிரும், மறுபடி சூடு. கடைசியில் கூலிங் காயிலில் கசிவு என்று தெரிந்தது. அந்தக் காயில் டேஷ்போர்டுக்குப் பின்னால், ஹீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது. அதை எடுக்க டேஷ்போர்டு முழுவதும் வெளியே வர வேண்டும். வேறு குறுக்கு வழி என் வண்டியில் இல்லை.

முதலில் ஏசி கடைக்குப் போய் மீதி கேஸை மெஷின் போட்டு இழுக்கச் சொன்னேன். ஆர்134ஏ கேஸை வீட்டில் திறந்துவிடக் கூடாது. புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வீரியம் கொண்டது அது, திரவமாகக் கையில் பட்டால் தோலையும் உறைய வைக்கும். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டுத்தான் ஏர்பேக் மஞ்சள் கனெக்டர்களில் கை வைத்தேன்.

ஸ்க்ரூக்களுக்கு இட்லித் தட்டு. பழைய நான்கு தட்டு ஸ்டாண்டு ஒன்று பரணில் கிடந்தது. ஒவ்வொரு குழிக்கும் மாஸ்கிங் டேப்பில் ஒரு எண், அதே எண்ணை நோட்டில் எழுதி, எந்த இடத்து ஸ்க்ரூ என்று படம் போட்டேன். ஸ்டீரியோவைச் சுற்றியவை முதல் தட்டு, கிளவ் பாக்ஸ் இரண்டாவது, ஸ்டீரிங் அடியில் மூன்றாவது. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் ஸ்க்ரூக்களில் நீளம் இரண்டு மில்லி வேறுபடும். நீளமானதை மாற்றிப் போட்டால் பின்னால் போகிற வயரைக் குத்தும்.

எல்லாம் கழற்றியும் டேஷ்போர்டு நகரவில்லை. இடது பக்கம் விட்டுக் கொடுக்கிறது, நடுவில் எங்கேயோ பிடிக்கிறது. இரண்டு மணி நேரம் டார்ச்சோடு தேடினேன். இழுத்து உடைத்துவிடலாமா என்ற அளவுக்குக் கோபம் வந்தது. கடைசியில் அந்த ஒற்றை போல்ட் காருக்கு உள்ளேயே இல்லை. வெளியே, வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினால், ஃபயர்வால் வழியாக உள்ளே போகிற ஒரு பன்னிரண்டாம் நம்பர் போல்ட்.

சனி, ஞாயிறு, அடுத்த சனி. மூன்று நாள். ஆனால் மாட்டி முடித்தபோது ஒரு இட்லிக் குழியிலும் ஸ்க்ரூ மிச்சமில்லை. இன்று வரை டேஷ்போர்டில் ஒரு கிறீச் சத்தம் கிடையாது.

ஆற்காடு அம்பாசிடர் (ஞாயிறு, காலை 8.20)

மேடம், இட்லித் தட்டை இன்றைக்கே எடுத்து வைக்கிறேன்.

என்னிடம் அப்பா வாங்கிய அம்பாசிடர் இருக்கிறது. 2014ல் தயாரிப்பே நின்றுவிட்டாலும், வேலை பார்க்க அதைப் போலச் சுகமான வண்டி எனக்குத் தெரியவில்லை. இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும். பானெட்டைத் தூக்கினால் இரண்டு பக்கமும் தரை தெரியும். டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர், பெட்ரோல் பம்ப் எல்லாம் கண்ணுக்கு நேராக.

1983 கடைசியில் மாருதி 800 வந்தபோதுதான், முன்சக்கரம் இழுக்கிற, குறுக்கே படுத்திருக்கும் இன்ஜின் நம் தெருக்களில் பரவலானது. குறுக்கே போட்டால் பானெட் குட்டையாகும், அந்த இடம் உட்காருகிறவர்களின் காலுக்குப் போகும். சின்ன வண்டியில் ஐந்து பேர் உட்கார முடிவது அதனால்தான். ஆனால் இன்ஜினின் ஒரு முனை பக்கத்துத் தகட்டோடு ஒட்டிக்கொள்கிறது, பின்பக்கம் ஃபயர்வாலோடு ஒட்டிக்கொள்கிறது. நம் தம்பியின் தெர்மோஸ்டாட் அந்த இடுக்கில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. வடிவமைத்தவர்கள் தவறு செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டிய பொருளையாவது கை எட்டும் இடத்தில் வைத்திருக்கலாம்.

அம்பாசிடரிலும் தலைவலி இல்லாமல் இல்லை. ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டைப் பிரிப்பது. கூம்பு வடிவத் தண்டு கூம்பு ஓட்டையில் இறுகி, நட்டைக் கழற்றிய பிறகும் ஒற்றைக் காலில் நிற்கும். மரை முனையில் சுத்தியலால் அடித்து மரையைக் கெடுத்தவன் நான். தண்டை அடிக்கக் கூடாது, அது நுழைந்திருக்கும் வளையத்தின் பக்கவாட்டில் அடிக்க வேண்டும் என்று பிறகுதான் ஒரு மேஸ்திரி காட்டிக் கொடுத்தார். ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டக் கொடுத்து, மறுபக்கம் ஓங்கி இரண்டு அடி. வளையம் ஒரு நொடி நெளியும், கூம்பு தானே விழும்.

சத்துவாச்சாரி ஷெட் (ஞாயிறு, காலை 9.10)

டிப்போ ஐயா, பார்த்துவிட்டேன். தண்டு இரண்டு மில்லிதான் வெளியே இருக்கிறது. வைஸ் கிரிப்பால் பிடிக்கப் பார்த்தேன், வழுக்குகிறது. மூடி உட்கார்ந்திருந்த பாடி தனித் துண்டுதான், ஹெட்டோடு மூன்று பன்னிரண்டாம் நம்பர் போல்ட்டில் பிடித்திருக்கிறது. அதில் இரண்டு தெரிகிறது. மூன்றாவது கீழே, கண்ணாடியில்கூடத் தெரியவில்லை, விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன். அந்தப் பாடிக்குப் பின்னால் ஓர் இரும்புக் குழாய் சொருகியிருக்கிறது.

செங்கோணத்தில் திரும்புகிற டிரில் தலை ஒன்று வாங்கி அங்கேயே துளை போடலாமா என்று யோசிக்கிறேன்.

பழைய டிப்போ (ஞாயிறு, காலை 9.35)

வேண்டாம். எம்6 போல்ட்டின் நடு மையத்தில், நேராக, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு துளை போடுவது 30 வருடம் வேலை பார்த்த என் கைக்கே நம்பிக்கை இல்லாத வேலை. அரை மில்லி நகர்ந்தால் மரை ஒரு பக்கம் போய்விடும்.

தனித் துண்டு என்று நீங்கள் சொன்னது நல்ல செய்தி. டிரில்லை அதனிடம் கொண்டு போகாதீர்கள், அதை டிரில்லிடம் கொண்டு போங்கள். பாடியையே கழற்றி லேத் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். அந்த மூன்று போல்ட்டும் எம்8, தடிமன், சீக்கிரம் முறியாது. ஆனாலும் அவசரப்படாதீர்கள். இன்று முழுக்க எண்ணெய் விடுங்கள். கழற்றுவதற்கு முன், போல்ட் தலையில் ஒரு கம்பியை வைத்து, கம்பியின் மறுமுனையில் சுத்தியலால் நாலு தட்டு தட்டுங்கள். அந்த அதிர்ச்சியில் உப்புத் தூள் உடையும். அறுமூலை சாக்கெட்தான் போட வேண்டும், பன்னிரண்டு மூலை ரிங் வேண்டாம்.

பின்னால் சொருகியிருக்கும் குழாயில் ரப்பர் வளையம் இருக்கும். அதைப் புதிதாக வாங்கி வையுங்கள். பழையதையே போட்டால் அங்கே கசியும், திரும்ப எல்லாம் கழற்ற வேண்டி வரும்.

கண்ணமங்கலம் டாக்சி (ஞாயிறு, காலை 11.00)

எல்லோரும் போர் தண்ணீரைக் குறை சொல்கிறீர்கள். நான் 12 வருடம் ஒரு பழைய வேனில் எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றினேன். ஒரு நாள்கூடச் சூடானதில்லை. இதற்கெல்லாம் கூலண்ட் வாங்கிச் செலவு செய்ய வேண்டுமா?

பழைய டிப்போ (ஞாயிறு, காலை 11.25)

உங்கள் வேன் இன்ஜின் வார்ப்பிரும்பு, ரேடியேட்டர் பித்தளையும் செம்பும். குழாய்கள் அகலமாக இருக்கும். அடைத்தால் ரேடியேட்டர் கடையில் மேல் தொட்டியைச் சூடு காட்டிப் பிரித்து, ராடு விட்டுக் குத்திச் சுத்தம் செய்து, திரும்பப் பற்றவைத்துக் கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் அது தாங்கியது, நீங்கள் சொல்வது உண்மைதான்.

இப்போது வருகிற ரேடியேட்டர் அலுமினியம், தொட்டி பிளாஸ்டிக், ஓரத்தை மடித்துப் பிடித்திருப்பார்கள். குழாய் மெல்லிய பட்டை. ராடு விட முடியாது. ஹெட்டும் அலுமினியம். கூலண்டில் கொதிநிலையைக் கூட்டுகிற கிளைக்கால் என்ற ரசாயனம் மட்டும் இல்லை, உலோகத்தை அரிக்காமல் பாதுகாக்கிற மருந்தும் இருக்கிறது. அதற்காகத்தான் முக்கியமாக ஊற்றுகிறோம்.

ஆம்பூர் டீசல் (ஞாயிறு, மதியம் 12.10)

எங்கள் பக்கத்துத் தண்ணீரைப் பற்றி நான் சொல்கிறேன். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றங்கரை நிலத்தடி நீர் கெட்டதைப் பற்றி உச்ச நீதிமன்றமே 1996ல் தீர்ப்பு எழுதியது. அந்த வழக்கு வேலூரிலிருந்துதான் போனது. குடிக்க முடியாத தண்ணீரை ரேடியேட்டருக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது? பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர் லிட்டர் சொற்ப விலைதான். கலந்து விற்கிற கூலண்ட் வாங்கினால் அந்தக் கவலையும் இல்லை.

காட்பாடி ஜங்ஷன் (ஞாயிறு, மதியம் 12.40)

ஒரு சின்ன சேர்க்கை. நம் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் கால்சியம் கார்பனேட்டாகி அடியில் படியும். அதாவது சுண்ணாம்பு. எங்கே சூடு அதிகமோ அங்கேதான் அதிகம் படியும், இன்ஜினில் அது ஹெட்டைச் சுற்றி இருக்கும் பாதை. அந்தக் காறை வெப்பத்தை எளிதில் கடத்தாது. முள் சரியான இடத்தில் நின்றாலும் உள்ளே உலோகம் அதைவிடச் சூடாக இருக்க வாய்ப்பு உண்டு.

வேலப்பாடி வாசகன் (ஞாயிறு, மாலை 5.30)

ஒரு கேள்வி மனதில் இருக்கிறது, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மெக்கானிக்கிடம் விட்டால் ஒரே நாளில் முடிகிற வேலைக்கு மூன்று விடுமுறை நாளைக் கொடுப்பது சரியா? குடும்பத்தோடு இருக்க வேண்டிய நேரம் அல்லவா? தவிர, அவர்கள் பிழைப்பும் இருக்கிறதே.

காட்பாடி ஜங்ஷன் (ஞாயிறு, மாலை 6.15)

தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. என் பதில் இது. நான் கூலிங் காயில் வேலையை முதலில் ஒரு இடத்தில் கொடுத்தேன். இரண்டு முறை கேஸ் நிரப்பிக் காசு வாங்கினார்கள், கசிவைத் தேடவே இல்லை. நான் கேட்டபோது என்னிடம் பேசாமல், கூட வந்திருந்த என் தம்பியிடம் பதில் சொன்னார்கள். அன்றைக்குத்தான் நானே கழற்றுவது என்று முடிவெடுத்தேன். நல்ல மெக்கானிக்குகள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. டேஷ்போர்டைக் கழற்றின பிறகு அந்த மரியாதை இன்னும் கூடியது. குனிந்து, வளைந்து, தலைகீழாகத் தொங்கி அவர்கள் வாங்குகிற கூலி குறைவுதான் என்று இப்போது தெரிகிறது.

என் மகளுக்கு எட்டு வயது. ஸ்க்ரூக்களை எண்ணிக் குழியில் போட்டது அவள்தான். அது குடும்பத்தோடு இருந்த நேரம்தான் எனக்கு.

ராணிப்பேட்டை லேத் (ஞாயிறு, இரவு 8.00)

முறிந்த எம்6 எடுப்பது எங்களுக்கு வாரத்துக்கு நான்கு வரும். பாடியைக் கழற்றிக்கொண்டு வந்தால் கடினமே இல்லை. வைஸில் பிடித்து, முறிந்த முகத்தை அரம் போட்டுச் சமமாக்கி, நடுவில் சென்டர் பஞ்ச் வைத்து, சின்ன பிட்டில் தொடங்கி 5 மில்லி வரை போவோம். எம்6 மரைக்கு 5 மில்லி துளைதான் அளவு. மையம் சரியாக இருந்தால் மீதி இரும்பு சுருள் மாதிரி உதிர்ந்து வரும், அப்புறம் டேப் விட்டு மரையைச் சுத்தம் செய்தால் போதும். மரை கெட்டிருந்தால் ஹெலிகாயில் போடலாம். எஃகுச் சுருள் மரை அது, அலுமினியத்தில் பழைய மரையைவிட உறுதி.

பலர் வீட்டிலேயே பாதி முயற்சி செய்துவிட்டு, கோணலாகத் துளைத்துவிட்டு, பிறகு கொண்டு வருகிறார்கள். முறிந்தபடியே கொண்டு வாருங்கள், எங்களுக்கு அதுதான் வசதி.

பழைய டிப்போ (ஞாயிறு, இரவு 8.20)

வேலப்பாடி சார் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நான் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். டைமிங் பெல்ட்டை (வால்வுகளைப் பிஸ்டனின் ஓட்டத்தோடு ஒத்து இயக்கும் பல் பட்டை) முதல் வேலையாக வீட்டில் எடுக்காதீர்கள். குறுக்கு இன்ஜினில் பெல்ட் பக்கத்துக்கும் வண்டியின் பாடிக்கும் நடுவில் மூன்று விரல் இடம். இன்ஜின் மவுண்டிங்கைக் கழற்றி, ஆயில் சம்ப்புக்கு அடியில் மரக்கட்டை வைத்து, ஜாக்கியில் இன்ஜினைத் தாங்கிக்கொண்டு, ஏற்றி இறக்கி ஒவ்வொரு போல்ட்டாக எடுக்க வேண்டும். பல இன்ஜின்களில் பெல்ட் ஒரு சில பல் தள்ளி உட்கார்ந்துவிட்டால் வால்வும் பிஸ்டனும் மோதும். சாவியைத் திருகுவதற்கு முன் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் திரும்பச் சேர்கின்றனவா என்று பார்க்காமல் யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

இன்னொன்று, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு இல்லையென்றால் அந்த வேலை அன்றைக்கு இல்லை. செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் வேண்டாம். திடீரென்று நொறுங்கும். டிப்போவில் என் கண்ணெதிரே ஒருவர் கால் போயிருக்கிறது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன்.

குடியாத்தம் ஹேட்ச்பேக் (ஞாயிறு, இரவு 9.05)

ஹெட்லைட் பல்பு மாற்ற பம்பரைக் கழற்றியவர்கள் இங்கே வேறு யாராவது இருக்கிறீர்களா? என் வண்டியில் இடது பக்கம் பேட்டரி மறைக்கிறது, வலது பக்கம் வாஷர் தொட்டியின் கழுத்து. பல்பைப் பிடிக்கும் கம்பி கிளிப்பைப் பார்க்கவே முடியாது, விரல் நுனியில் உணர்ந்துதான் விடுவிக்க வேண்டும். இரண்டு மூன்று முறை முயன்று புறங்கை கிழிந்த பிறகு, பம்பரை நகர்த்தி லைட்டையே வெளியே எடுத்துவிட்டேன். இருபது நிமிடம் கூடுதல், ஆனால் நிம்மதி. ஹாலஜன் பல்பின் கண்ணாடியில் வெறும் விரல் படக் கூடாது, எண்ணெய்ப் பசை ஒட்டிய இடம் சூடாகிப் பல்பு சீக்கிரம் போய்விடும். இடுக்கில் தடவித் தடவிப் போடும்போது விரல் படாமல் இருக்கவே இருக்காது. அதனால்தான் லைட்டை வெளியே எடுக்கச் சொல்கிறேன்.

சத்துவாச்சாரி ஷெட் (அடுத்த ஞாயிறு, இரவு 7.30)

முடிந்தது! நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வாரம் முழுக்க ஆபீஸ் விட்டு வந்ததும் அந்த மூன்று போல்ட்டுக்கும் எண்ணெய் விட்டேன். வெள்ளி இரவு கம்பி வைத்துத் தட்டினேன். சனி காலை ஐந்தரைக்கு ஷெட்டில் இறங்கினேன். மேல் போல்ட் இரண்டும் ஐயா சொன்ன மாதிரி முன்னும் பின்னுமாகப் போய் வந்துவிட்டன. தெரியாத மூன்றாவதுதான் ஒன்றரை மணி நேரம் எடுத்தது. நேராக சாக்கெட் போட முடியவில்லை. மேலிருந்து நீள எக்ஸ்டென்ஷன் இரண்டைச் சேர்த்து, நடுவில் யுனிவர்சல் ஜாயிண்ட் போட்டு, இடது கையால் சாக்கெட்டைப் போல்ட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மேலே ராட்செட்டை ஆட்டினேன். சாக்கெட்டுக்குள் கொஞ்சம் மாஸ்கிங் டேப் வைத்து போல்ட் தலையை இறுக்கியிருந்ததால், கழன்றதும் கீழே விழாமல் சாக்கெட்டோடே மேலே வந்துவிட்டது. அந்த போல்ட்டைக் கையில் வாங்கிய நேரம் மறக்காது. மரை முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு, கடைசி நான்கு சுற்றில் மட்டும் பளபளப்பு.

பாடியை லேத்துக்குக் கொண்டுபோனேன். நாற்பது நிமிடத்தில் முறிந்ததை எடுத்து, மரையைச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டார்கள். ஹெலிகாயில் தேவைப்படவில்லை.

பழைய தெர்மோஸ்டாட்டையும் புதியதையும் நூலில் கட்டி, அடி தொடாமல் ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு, அடுப்பில் வைத்துப் பார்த்தோம். புதியது 82 டிகிரியில் மெதுவாக வாய் திறக்க ஆரம்பித்தது, 95 வருவதற்குள் நன்றாகத் திறந்துவிட்டது. பழையது தண்ணீர் தளதளவென்று கொதித்தும் அசையவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் என் மனைவிக்கும் ஏலகிரியில் நடந்தது புரிந்தது.

திரும்ப மாட்டும்போது காட்பாடி மேடத்தின் இட்லித் தட்டுதான் துணை. சின்னக் குண்டு போட்ட காற்றுத் துளை மேலே பார்த்தபடி தெர்மோஸ்டாட்டை உட்கார வைத்தேன். குழாய்க்குப் புது ரப்பர் வளையம், பாடிக்குப் புது கேஸ்கட், மூடிக்குப் புது எம்6 போல்ட் இரண்டு, மரையில், ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பசை மெல்லிசாக. இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் 10 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் ஒரு பொட்டு இறுக்கவில்லை. ரேடியேட்டரும் புதிது போட்டுவிட்டேன், பழையதில் கீழ்ப் பாதி கையால் தொட்டால் குளிர்ந்தே கிடந்தது. இன்ஜின் பாதைகளை டிஸ்டில்ட் வாட்டரால் நான்கு முறை கழுவினேன், நான்காவதுதான் தெளிவாக வந்தது.

இன்று மதியம் மூன்று மணி வெயிலில், ஏசி போட்டு, சத்துவாச்சாரியிலிருந்து பள்ளிகொண்டா வரை பைபாஸில் போய்த் திரும்பினேன். முள் பாதிக்குக் கொஞ்சம் கீழே போய் நின்றது, நகரவில்லை. கிரீன் சர்க்கிள் நெரிசலில் மட்டும் ஃபேன் ஓட ஆரம்பித்து, இரண்டு நிமிடத்தில் நின்றது.

இதே இடத்தில் மாட்டிக்கொள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூடியின் இரண்டு போல்ட்டில் கை வைப்பதற்கு முன்பே பாடியின் மூன்று போல்ட்டைக் கழற்றி, எல்லாவற்றையும் ஒரே துண்டாக மேஜைக்குக் கொண்டு வந்துவிடுங்கள். மூடியை வைஸில் பிடித்துக் கழற்றலாம். நான் முதலிலேயே அப்படிச் செய்திருந்தால் அந்த போல்ட் முறிந்திருக்காது.

ஐயா, மேடம், லேத் அண்ணன், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

காட்பாடி ஜங்ஷன் (அடுத்த ஞாயிறு, இரவு 7.50)

படித்ததும் அவ்வளவு சந்தோஷம். டேப் வைத்து போல்ட்டைச் சாக்கெட்டோடு எடுத்தது எனக்குப் புதிது, நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பழைய டிப்போ (அடுத்த ஞாயிறு, இரவு 8.10)

நல்ல வேலை, தம்பி. காற்று முழுவதும் வெளியேற நாலைந்து முறை சூடாகி ஆற வேண்டும். அதனால் ஒரு வாரத்துக்குத் தினமும் காலையில், இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, ரிசர்வ் தொட்டி அளவைப் பாருங்கள். கொஞ்சம் இறங்கும், அதே கூலண்டை ஊற்றுங்கள். வேறு நிறம் கலக்க வேண்டாம். ஒரு வாரம் கழித்தும் இறங்கிக்கொண்டே இருந்தால் அந்தப் பின்பக்கக் குழாயின் அடியில் ஒரு அட்டையை இரவு முழுக்க வைத்துப் பார்த்துவிட்டு, இங்கேயே எழுதுங்கள்.